மொட்டை மரத்தின் பால்

அந்தக் காகிதத்தில் ஏற்கெனவே மூன்று கையெழுத்துகள் இருந்தன. நான்காவது இடத்தில் என் வேலையின் பெயர் தட்டச்சாகியிருந்தது: ஆய்வக உதவியாளர், தாவரவியல் துறை. மேலே கன்னடத்தில் நான்கைந்து வரிகள். ஆய்வகத்துக்குப் பின்னால் நிற்கும் மரம் நோய் தாக்கிப் பட்டுப்போய்விட்டது, எந்த நேரத்திலும் விழலாம், மாணவர்களுக்கு ஆபத்து, ஆகவே வெட்ட அனுமதி தரவேண்டும் என்று வனத்துறைக்கு எழுதிய விண்ணப்பம்.

இரண்டு தடவை படித்தேன். பேனாவை மூடி மேசைமேல் வைத்தேன்.

"இந்த மரம் சாகலைங்க சார்" என்றேன்.

கல்லூரி முதல்வர் கணினியிலிருந்து தலையைத் திருப்பவில்லை. "துறைத்தலைவரே போட்டுவிட்டார். உனக்கு என்ன?" என்று கன்னடத்தில் கேட்டார். தோட்டப் பதிவேடு என்னிடம் இருந்ததால் என் கையெழுத்தும் வேண்டியிருந்தது. செடிக்குத் தண்ணீர் விட்ட தேதி, உரம் வைத்த தேதி, பூச்சி வந்த தேதி எல்லாம் அதில் என் எழுத்தில் இருக்கும். அந்தப் பதிவேட்டில் மரம் பட்டுப்போனதாக ஒரு வரி இல்லை.

"செத்ததுன்னு எழுதியிருக்கீங்க. சாகாததைச் செத்ததுன்னு நான் எழுத மாட்டேனுங்க" என்றேன். அவர் அப்போதுதான் திரும்பிப் பார்த்தார்.

மைசூரில் அந்தக் கல்லூரியில் நான் வேலைக்குச் சேர்ந்தபோது என் படிப்பு பி.யு.சி.யோடு, அதாவது பன்னிரண்டாம் வகுப்போடு, நின்றிருந்தது. தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய ஹனூர்ப் பக்கத்திலிருந்து கட்டட வேலைக்கு வந்த குடும்பம் எங்களுடையது. மண்டி மொஹல்லாவில் ஒரு சந்துக்குள் வாடகை வீடு. ஆய்வகத்தில் என் வேலை நுண்நோக்கிகளைத் துடைப்பது, கண்ணாடித் தகடுகளைக் கழுவுவது, சவர பிளேடுகளை எண்ணிக் கொடுத்து எண்ணி வாங்குவது, செய்முறை வகுப்புக்கு வேண்டிய செடி கொடிகளைக் காலையிலேயே பறித்துவந்து தட்டுகளில் பரப்பி வைப்பது. கிடைக்காததைத் தேவராஜ மார்க்கெட் பூக்கடைகளில் வாங்கி வருவேன். பறித்துவந்த பிறகு வகுப்பு முடியும்வரை பின்வரிசைக்குப் பின்னால் நிற்க வேண்டும். அப்படி நின்று கேட்டதுதான் எனக்குத் தெரிந்த தாவரவியல். ஒரே பாடத்தை வருடாவருடம் கேட்டால் யாருக்கும் மனதில் நிற்கும்.

துறைத்தலைவரான மேடம் மேலுக்கோட்டைப் பக்கத்து வைணவக் குடும்பம். அக்ரஹாரத்தில் சொந்த வீடு. வகுப்பில் ஆங்கிலமும் கன்னடமும் பேசுவார். என்னிடம் மட்டும் வீட்டுத் தமிழ் பேசுவார். அந்தக் கல்லூரியில் என்னிடம் தமிழில் பேசிய ஒரே ஆள் அவர்தான். அவர் தமிழும் என் தமிழும் ஒன்றுபோல இருக்காது. ஆனாலும் அதைக் கேட்கும்போது எனக்கு ஒரு தெம்பு இருந்தது. விண்ணப்பத்தின் முதல் கையெழுத்து அவருடையது என்பதால்தான் எனக்கு வலித்தது.

மரத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். தமிழில் அதை ஈழத்தலரி என்பார்கள், கள்ளிமந்தாரை என்றும் சொல்வதுண்டு. கன்னடத்தில் தேவகணகிலெ. ஆய்வகத்தில் எல்லோருக்கும் அது புளுமேரியா. கல்லூரியில் இரண்டு இருந்தன. ஒன்று முன்வாசல் கேட்டுக்குப் பக்கத்தில், வெள்ளைப் பூ. இன்னொன்று ஆய்வகத்துக்குப் பின்னால், இளஞ்சிவப்பும் மஞ்சளும் கலந்த பூ. பேரினம் ஒன்றுதான், இனம் வேறு. கேட்டுக்குப் பக்கத்தில் இருந்ததன் இலை நுனி மழுங்கலாக, கரண்டியின் முனைபோல இருக்கும். பின்னால் இருந்ததன் இலை நுனி கூராக இருக்கும். இரண்டுக்கும் பொதுவான அடையாளம் ஒன்று உண்டு. இலையின் நடுநரம்பிலிருந்து பக்க நரம்புகள் வரிசையாகக் கிளம்பி, ஓரத்தைத் தொடுமுன் நின்று, ஓரத்தை ஒட்டி ஓடும் மெல்லிய நரம்பு ஒன்றில் போய்ச் சேரும். புடவைக்குக் கரை வைத்ததுபோலத் தெரியும். செய்முறைத் தேர்வில் அதைக் கவனித்து எழுதிய பிள்ளைகளுக்கு மேடம் தாராளமாக மதிப்பெண் போடுவார்.

மழுங்கிய நுனிக்காரி வருடம் முழுக்க இலையோடு நிற்பாள். கூர்நுனிக்காரி மார்கழி பிறந்தால் ஒவ்வொரு இலையாகப் போட ஆரம்பித்து, தை மாதத்தில் ஓர் இலைகூட இல்லாமல் நிற்பாள். தடித்த சாம்பல் நிறக் கிளைகள், அவற்றில் இலை விழுந்த இடமெல்லாம் வட்ட வட்டமான தழும்புகள். தெரியாதவர்கள் பார்த்தால் செத்த மரம் என்றுதான் சொல்வார்கள். அந்தத் தடித்த கிளைக்குள் தண்ணீரைச் சேர்த்து வைத்துக்கொண்டு, மழை இல்லாத மாதங்களில் இலைக்குச் செலவு செய்யாமல் அது பிழைத்துக் கிடக்கிறது.

முந்தின மழைக்கால முடிவில் அதன் இலைகளுக்கு அடியில் ஆரஞ்சு நிறத்தில் பொடி பொடியாகத் துருநோய் வந்தது உண்மை. நான்தான் பதிவேட்டில் எழுதினேன். விழுந்த இலைகளை நாள்தோறும் பெருக்கி எரித்ததும் நான்தான். அது இலைக்கு வரும் நோய், கிளையைக் கொல்லாது. என் பதிவேட்டின் அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டுதான் விண்ணப்பத்தில் 'நோய் தாக்கி' என்று எழுதியிருந்தார்கள்.

உண்மையான காரணம் எல்லோருக்கும் தெரியும். பிப்ரவரியில் கல்லூரியை மதிப்பிட வெளியூர்க் குழு வருவதாக இருந்தது. அதற்குள் அந்த இடத்தில் ஆசிரியர்களின் கார்களுக்குக் கொட்டகை போட வேண்டும்.

அன்று மத்தியானம் மேடம் என்னை ஆய்வகத்து உள்ளறைக்குக் கூப்பிட்டார். ஃபார்மலின் ஜாடிகள் இருக்கும் அறை அது. கதவைச் சாத்தினார்.

"ஏண்டிம்மா, போட்டுடேன். நீ ஒருத்தி போடலேன்னா மரம் நின்னுடுமா?"

"நிக்குமோ நிக்காதோ தெரியாதுங்க மேடம். அது செத்துருச்சுன்னு நான் சொல்ல முடியாதுங்க."

"நேக்கு மட்டும் தெரியாதா? ஜனவரில அது எப்படி இருக்கும்னு நானே எத்தனை வருஷமா கிளாஸ் எடுத்திருக்கேன்."

"அப்ப எதுக்கு மேடம் கையெழுத்துப் போட்டீங்க?"

அவர் கண்ணாடியைக் கழற்றிப் புடவைத் தலைப்பில் துடைத்தார். "நேக்கு இன்னும் மூணு மாசந்தான் சர்வீஸ். பென்ஷன் பேப்பர் எல்லாம் அவர் கையிலதான் இருக்கு. இப்பப் போயி ஒரு மரத்துக்காகச் சண்டை போட முடியுமா? நீயே சொல்லு."

அவர் நிலைமை எனக்குப் புரிந்தது. என் வேலையும் வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கும் ஒப்பந்த வேலைதான். அதுவும் அதே முதல்வர் கையில்தான் இருந்தது. அதை மேடமும் நினைத்துப் பார்த்திருக்கலாம் என்று தோன்றியது.

சாயங்காலம் வீட்டில் என் கணவரிடம் சொன்னேன். அவர் ஆட்டோ ஓட்டுபவர். தேவராஜ மொஹல்லாவில் நின்று சவாரி எடுப்பார். தட்டில் ராகிக் களியை உருட்டிக்கொண்டே முழுக்கக் கேட்டார்.

"போட்டுட்டு வந்துரு. எதுக்கு உனக்கு அந்த வம்பு? அவங்க மரம், அவங்க காலேஜு" என்றார்.

"கொட்டகைக்கு இடம் வேணும், அதுக்காக வெட்டறோம்னு எழுதினா நான் என்னங்க சொல்லப் போறேன்? மனசு கஷ்டப்படும், அவ்வளவுதான். இவங்க செத்துப்போச்சுன்னு என்னைச் சொல்லச் சொல்றாங்க. நாளைக்கு ஒரு பிள்ளை வந்து, ஏங்க அக்கா, இந்த மரம் செத்தா போச்சுன்னு கேட்டா நான் என்ன சொல்றது?"

"வேலை போனா?"

"போகட்டும்."

அவர் தட்டை என் பக்கம் நகர்த்தினார். பிறகு குழம்பை ஊற்றச் சொன்னார். அதற்குமேல் அவர் வற்புறுத்தவில்லை. அவருக்கு அதில் சம்மதம் என்றும் சொல்ல மாட்டேன்.

என் கையெழுத்து இல்லாமலே விண்ணப்பம் போயிற்று. ஜனவரிக் கடைசியில் ஒரு நாள் காலை வனத்துறையிலிருந்து ஓர் அதிகாரி பார்வையிட வந்தார். நடுத்தர வயது, கையில் ஓர் அட்டைக் கோப்பு. முதல்வர் அவரை ஆய்வகத்துக்குப் பின்னால் அழைத்துப் போனார். மேடமும் போனார். என்னை யாரும் கூப்பிடவில்லை. நான் ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு நானாகப் போய் நின்றேன்.

"நோடி சார், சத்தோகிதெ" என்று முதல்வர் மரத்தைக் காட்டினார். செத்துப்போய்விட்டது, பாருங்கள் என்று. "கேட்டுக்குப் பக்கத்தில் இதே மரம் இன்னொன்று இருக்கிறது. அது பச்சைப்பசேலென்று இருக்கிறது. இது எப்படி இருக்கிறது பாருங்கள்."

அவர் பொய் சொல்வதாக அப்போது எனக்குத் தோன்றவில்லை. அவர் பொருளாதாரம் படித்தவர். இரண்டும் ஒரே மரம், ஒன்றில் இலை இருக்கிறது, ஒன்றில் இல்லை, ஆகவே இது செத்தது என்று உண்மையாகவே நம்பியிருக்கலாம். ஆனால் பக்கத்தில் நின்ற மேடத்துக்குத் தெரியும். மேடம் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அதிகாரி கோப்பைத் திறந்தார். எழுதப் போகிறார் என்று தெரிந்ததும் நான் பேசிவிட்டேன். கன்னடத்தில்தான் பேசினேன்.

"சார், இரண்டு நிமிஷம் கொடுங்கள். இதையும் அதையும் ஒரே மரம் என்று சொல்ல முடியாது."

"இவங்க யாரு?" என்று அதிகாரி கேட்டார்.

"அட்டெண்டர்" என்றார் முதல்வர். "நீ உள்ளே போ."

நான் போகவில்லை. ஓடிப்போய்க் கேட்டுக்குப் பக்கத்து மரத்திலிருந்து ஓர் இலை பறித்தேன். திரும்பி வரும் வழியில் ஆய்வக அலமாரியில் நாங்கள் உலர்த்தி அட்டையில் ஒட்டி வைத்திருந்த பின்மரத்து இலையையும் எடுத்தேன். மூச்சு வாங்க இரண்டையும் அதிகாரியின் கோப்பின்மேல் வைத்தேன்.

"ஓரத்தில் ஓடும் நரம்பைப் பாருங்கள். இரண்டிலும் இருக்கிறது. அதனால் இரண்டும் ஒரே பேரினம். இப்போது நுனியைப் பாருங்கள். இது மழுங்கல், இது கூர். இனம் வேறு. மழுங்கல் இலை மரம் பனிக்காலத்தில் இலை போடாது. கூர் இலை மரம் போடும். வருஷாவருஷம் போடுகிறது. என் பதிவேட்டில் தேதி இருக்கிறது."

பிறகு மரத்தடிக்குப் போய், தாழ்ந்த கிளை ஒன்றைக் கட்டைவிரல் நகத்தால் கீறினேன். சாம்பல் தோலுக்கு அடியில் பச்சை தெரிந்தது. அடுத்த நொடியே பால் கசிந்து, கட்டியாக வெள்ளையாக, என் விரல் வழியே மணிக்கட்டுக்கு ஓடியது.

அதிகாரி கிட்டே வந்து தானும் ஒரு விரலால் தொட்டார்.

"கண்ணில் பட்டுவிடக் கூடாது சார். எரியும். அங்கே குழாய் இருக்கிறது" என்றேன்.

கிளையின் நுனியையும் அவருக்குக் காட்டினேன். மொண்ணையாக உருண்டிருந்த நுனிகளில் ஒன்றிரண்டு இடத்தில் கூம்பாகப் பச்சை எட்டிப் பார்த்தது. இந்த மரத்தில் பூங்கொத்து கிளை நுனியில்தான் வரும். பூத்து முடிந்ததும் அந்தக் கிளை அதற்குமேல் நேராக வளராது. பக்கத்திலிருந்து இரண்டு மூன்று கிளை பிரியும். அதனால் எத்தனை தடவை பிரிந்திருக்கிறது என்று பார்த்தால் எத்தனை தடவை பூத்தது என்று ஒரு கணக்குச் சொல்லலாம். அதிகாரியின் கண் கீழிருந்து மேலே கவட்டை கவட்டையாக ஏறியது.

ஒரு கிளை மட்டும் சுருங்கிக் கருத்திருந்தது. அதை மறைக்க எனக்கு மனமில்லை. அழுத்திக் காட்டினேன். உள்ளே சோளத்தட்டைபோல் பொக்காக இருந்தது. "இது செத்தது சார். செத்தால் இப்படி இருக்கும். இதை வெட்டிவிடலாம்."

அதிகாரி மேடத்தின் பக்கம் திரும்பினார். "நீங்கள் பாட்டனி. உங்கள் கையெழுத்தும் இதில் இருக்கிறது. இவர் சொல்வது சரியா?"

எல்லோரும் மேடத்தைப் பார்த்தோம். மேடம் முதல்வரைப் பார்த்தார். பிறகு என் மணிக்கட்டில் காய்ந்துகொண்டிருந்த பாலைப் பார்த்தார். "என்னுடைய கருத்தை எழுத்தில் கொடுத்திருக்கிறேன்" என்றார்.

அதிகாரி நின்றபடியே எழுதினார். மரம் உயிரோடு இருக்கிறது, பட்ட கிளை ஒன்றை மட்டும் அகற்றலாம், வெட்ட அனுமதி இல்லை. என் பெயர் கேட்டார், சொன்னேன். கையைக் கழுவிக்கொண்டு போய்விட்டார். வேறு அதிகாரியாக இருந்தால் முதல்வர் அறையில் காப்பி குடித்துவிட்டு எழுதியிருக்கலாம் என்று இன்றுவரை நினைக்கிறேன். அந்த மனிதர் குனிந்து பார்க்கிறவராக இருந்தார், அது எங்கள் அதிர்ஷ்டம்.

நான்கு நாள் கழித்து எனக்கு மாற்றல் கடிதம் வந்தது. தேர்வுப் பிரிவு. விடைத்தாள் கட்டுகளுக்கு நூல் கட்டி அரக்கு வைக்கும் வேலை. கடிதத்தைக் கொடுத்த முதல்வர், "உனக்குப் பேசத் தெரிகிறது. அங்கே பேச ஆள் கிடையாது" என்றார்.

"நல்லதுங்க சார்" என்று வாங்கிக்கொண்டேன். அவர் முன்னால் கண் கலங்கக் கூடாது என்று இருந்தேன். கலங்கவில்லை. ஆய்வகத்துக்குப் போய் நுண்நோக்கிகளை ஒவ்வொன்றாகத் துடைத்து உறை போட்டேன். பிளேடுகளை எண்ணி ஒப்படைத்தேன். பதிவேட்டை மட்டும் உடனே கொடுக்கவில்லை. அந்த மரத்தைப் பற்றி நான் எழுதிய பக்கங்களையெல்லாம் நகலெடுத்து வைத்துக்கொண்ட பிறகுதான் கொடுத்தேன்.

கார்க் கொட்டகையைக் கேன்டீனுக்குப் பக்கத்தில் போட்டார்கள். அங்கே இடம் முதலிலிருந்தே காலியாகத்தான் இருந்தது.

மார்ச்சில் மரம் பூத்தது. இலை வருவதற்கு முன்பே பூ. மொட்டைக் கிளை நுனியில், மடக்கிய குடைபோல முறுக்கிக்கொண்ட மொட்டுகள். விரிந்தால் ஐந்து இதழ். ஒவ்வொன்றும் ஓர் ஓரத்தால் பக்கத்து இதழை மூடி, மறு ஓரத்தை இன்னொன்றுக்கு அடியில் கொடுத்து, காற்றாடிபோல் ஒரே பக்கமாகச் சாய்ந்திருக்கும். வெயில் சாய்ந்ததும் வாசம் தூக்கும். அந்த வாசத்துக்கு விட்டில்கள் வரும். பூவில் தேன் ஒரு சொட்டும் கிடையாது. ஒவ்வொரு பூவாக ஏமாந்து தேடும்போது மகரந்தம் ஒட்டிக்கொண்டு போகும். தேர்வுப் பிரிவிலிருந்து பார்த்தால் மரம் தெரியாது. வீட்டுக்குப் போகும்போது சுற்றிக்கொண்டு அந்த வழியாகப் போவேன்.

ஓய்வு பெறுவதற்கு இரண்டு நாள் முன்னால் மேடம் தேர்வுப் பிரிவுக்கு வந்தார். அரக்கு வாசனையில் இருமினார். நான் எழுந்து நாற்காலியைக் கொடுத்தேன். உட்காரவில்லை.

"நீ சொன்னதுல ஒரு தப்பும் இல்லைம்மா. நான்தான் வாயை மூடிண்டுட்டேன்."

"தெரியுமுங்க மேடம்" என்றேன்.

பரவாயில்லை என்று நான் சொல்வேன் என எதிர்பார்த்து நின்றார். நான் சொல்லவில்லை. பரவாயில்லாத விஷயம் அல்ல அது. அவரிடம் நான் கற்றதையெல்லாம் அவருக்கு எதிரிலேயே தனியாகச் சொல்ல வேண்டி வந்தது. ஆனாலும் கோபத்தோடு அனுப்பவும் முடியவில்லை. காப்பி வாங்கிவரச் சொல்லட்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்றார். வாசல்வரை போய்த் திரும்பி, "பூத்திருக்கு, பாத்தியா?" என்று கேட்டார். பார்த்தேன் என்றேன். போய்விட்டார்.

அடுத்த கல்வியாண்டில் மேடத்தின் இடத்துக்கு இளம் வயது விரிவுரையாளர் ஒருத்தி வந்தாள். முதல் வாரமே தேர்வுப் பிரிவுக்கு என்னைத் தேடிக்கொண்டு வந்தாள். புது உதவியாளருக்கு எது எங்கே இருக்கிறது என்று தெரியவில்லையாம். "அக்கா, மத்தியானம் ஒரு பத்து நிமிஷம் வர முடியுமா?" என்று கன்னடத்தில் கேட்டாள். போனேன். மறுநாளும் போனேன். சாப்பாட்டு நேரத்தில் டிபன் டப்பாவை எடுத்துக்கொண்டு ஆய்வகத்துக்குப் போவது வழக்கமாகிவிட்டது.

ஒரு நாள் முதல்வர் வராந்தாவில் என்னைப் பார்த்துவிட்டார். என் கையில் கொன்றைக் கிளை இருந்தது.

"உன் பிரிவு இங்கே இல்லையே" என்றார்.

"இது என் சாப்பாட்டு நேரமுங்க சார். நேரத்துக்குப் போய்விடுவேன்."

"அதற்கு நான் அனுமதி கொடுக்கவில்லை."

"சாப்பாட்டு நேரத்துக்கு நான் அனுமதி கேட்கவும் இல்லைங்க சார்" என்றேன். குரலை உயர்த்தவில்லை. அவர் கைபேசியைக் காதில் வைத்துக்கொண்டு நடந்துவிட்டார். ஏப்ரலில் என் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கத் தாமதம் செய்தார்கள். தினமும் போய் அலுவலகத்து வாசலில் நின்றேன். மூன்றாவது வாரம் கையெழுத்தாகி வந்தது.

இந்த வருடம் அந்த மரம் காய்த்திருக்கிறது. இத்தனை வருடத்தில் நான் அதில் காய் பார்த்ததே இல்லை. இந்தப் பேரினம் காய்ப்பது அபூர்வம். ஒரே காம்பில் இரண்டு காய், மாட்டுக் கொம்புபோல எதிரும் புதிருமாக நீண்டு, தோல்போல் கெட்டியாக. முதலில் பார்த்தது அந்த இளம் விரிவுரையாளர். கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்க் காட்டினாள். கறுத்து முற்றும்வரை மாதக்கணக்கில் காத்திருந்தோம். வெடித்துச் சிதறாமல் இருக்க மெல்லிய துணிப்பை கட்டினேன். போன வாரம் வாய் பிளந்தது. உள்ளே விதைகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருந்தன. ஒவ்வொன்றுக்கும் காகிதம்போல ஓர் இறகு. ஊதினால் சுழன்றுகொண்டு விழுகிறது. பத்து விதையை மண்ணில் ஊன்றியிருக்கிறோம்.

ஒரு காயையும் சில விதைகளையும் உலர்த்தி அட்டையில் தைத்தோம். அட்டையின் மூலையில் ஒரு சீட்டு ஒட்ட வேண்டும். பேரினம், இனம், கிடைத்த இடம், தேதி, கடைசியில் சேகரித்தவர் பெயர். அலமாரியில் இருக்கும் நூற்றுக்கணக்கான அட்டைகளில் பெரும்பாலானவற்றுக்கு மரமேறியதும் சேற்றில் இறங்கியதும் நான். சீட்டுகளில் மேடத்தின் பெயரும் அவருக்கு முன்னால் இருந்தவர்களின் பெயரும் இருக்கின்றன. ஒரு சீட்டிலும் என் பெயர் கிடையாது. யாரும் திட்டமிட்டு அதை விட்டுவிடவில்லை. அட்டெண்டர் பெயரை எழுதும் பழக்கம் இல்லை, அவ்வளவுதான்.

விரிவுரையாளர் மற்ற வரிகளையெல்லாம் எழுதிவிட்டுப் பேனாவை நிறுத்தினாள். யோசிக்கிறாள் என்று தெரிந்தது. நான் அவள் கையிலிருந்து பேனாவை வாங்கி, கடைசி வரியில் என் பெயரைக் கன்னடத்தில் முழுதாக எழுதினேன். கொஞ்சம் யோசித்து, அதற்குக் கீழே தமிழிலும் எழுதினேன். மை காயும்வரை ஊதிவிட்டு, அட்டையை அலமாரியில் அதன் இடத்தில் வைத்தேன்.

"யாராவது கேட்டா என்ன சொல்லட்டும், அக்கா?" என்றாள் அவள்.

"என்னை வந்து கேக்கச் சொல்லுங்க" என்றேன். மணி இரண்டாக ஐந்து நிமிடம் இருந்தது. டிபன் டப்பாவை எடுத்துக்கொண்டு தேர்வுப் பிரிவுக்கு நடந்தேன்.